கப்பல்களை மன்னிக்காதவர்

வாசகர்களே, உலகத்தில் ஓர் இனம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரரோடு நேற்றுப் போட்ட சண்டையை இன்று மறந்துவிடும். தான் பிறப்பதற்கு முன்னால் நடந்த போரில் கூட்டாளி நாடு செய்த துரோகத்தை மட்டும் சாகிறவரை மறக்காது. பேருந்தில், முடிதிருத்தும் கடையில், அலுவலக மாடிப்படியில், எங்கும் நீங்கள் இந்த இனத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்த்தவுடன் நழுவியும் இருப்பீர்கள்.

நம்மவரிடமிருந்து நழுவ முடியாது. அவர் பல் டாக்டர். எதிராளி வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து கிடப்பார்.

பெரிய போரின்போது கூட்டாளி நாடு நமக்கு உதவியாகக் கப்பல்கள் அனுப்பியது. அவை பாதி வழியில் திரும்பிப் போய்விட்டன. டாக்டருக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அன்றைக்கு அவருடைய அப்பாவே அரைக்கால் சட்டையோடு திரிந்த பையன். ஆனால் டாக்டர் சொல்லும்போது கேட்க வேண்டும். துறைமுகத்தில் நெற்றிக்கு மேல் கையை வைத்துக் கடலையே பார்த்து நின்று கால் கடுத்துப்போனவர் போலச் சொல்வார். சொத்தையைக் குடையும்போது கப்பல்கள் புறப்படும். குழியை அடைக்கும்போது திரும்பும். "துரோகிங்க!" என்று முடித்துவிட்டு, வாயைக் கொப்பளிக்கச் சொல்வார். நோயாளி துப்புவார். அதை ஆமோதிப்பு என்று டாக்டர் எடுத்துக்கொள்வார்.

நோயாளி படுக்கும் அந்த நாற்காலியும் கூட்டாளி நாட்டில் செய்ததுதான். அருமையான நாற்காலி, விட மனமில்லை. நாட்டின் பெயர் பொறித்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறார்.

எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது அவர் மனைவி. இந்தக் கதையை அந்த அம்மாள் கேட்டிருக்கும் தடவைகளுக்கு, மாலுமிகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

இதனால் யாருக்கு என்ன கெட்டுப்போச்சு என்கிறீர்களா? அங்கேதான் விஷயம். செத்தவன்மேல் கோபப்படுவது போலச் சௌகரியமான வீரம் வேறு கிடையாது. அவன் திருப்பித் திட்டமாட்டான்; உங்களை வேறு ஊருக்கு மாற்றமாட்டான். உயிரோடு இருக்கிறவனுக்கும் இதில் பரம திருப்தி: ஊர்க்கோபமெல்லாம் கடல் தாண்டிப் போய்விட்டால், உள்ளூரில் அவன் காலை நீட்டிப் படுக்கலாம்.

அப்படிப் படுத்திருந்தார் டாக்டருடைய தொகுதியின் அமைச்சர். ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டைப் பூட்டி ஒரு வருஷம். 'விரைவில் திறக்கப்படும்' என்ற பலகையே வெயிலில் வெளுத்துவிட்டது. டாக்டரின் மகளுக்கு நிறைமாதம். அடுத்த ஆஸ்பத்திரி ஆற்றுக்கு அப்பால். அந்தச் சாலையில் வண்டி போனால் ஆரோக்கியமானவனுக்கே முதுகு கழன்றுவிடும்.

இந்த நிலையில் அமைச்சருக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வந்தது.

"இன்னிக்கு அவர் உங்க நாற்காலியில படுக்கப் போறாரு. கேட்டுடுங்க," என்றாள் மனைவி.

"கேக்காம விடுவேனா?"

"எதைன்னு சொல்லுங்க பார்ப்போம்."

"வார்டைத்தாம்மா! என்னை என்னன்னு நினைச்சே?"

அமைச்சர் வீங்கிய கன்னத்தோடு வந்து படுத்தார். ஊசி போட்டாயிற்று. மரத்துப்போகக் காத்திருக்கும் நேரம். டாக்டர் தொண்டையைச் செருமினார். வார்டு நாக்கின் நுனிவரை வந்தது. அதற்குமேல் வரவில்லை. இத்தனை பக்கத்தில், இத்தனை உயிரோடு ஓர் ஆளைக் கேள்வி கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. பழக்கமான கேள்வி முந்திக்கொண்டது.

"ஐயா, கப்பலைத் திருப்பிக்கிட்டுப் போனாங்களே, அவங்களை எப்ப மன்னிப்புக் கேக்க வைக்கப் போறீங்க?"

அமைச்சரின் முகம் மலர்ந்ததே, பார்க்க வேண்டும்! "விடுவேனா டாக்டர்! உயிர் இருக்கிற வரைக்கும் விடமாட்டேன்!"

டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

மனைவி குழாயைக் கொக்கியில் மாட்டினாள். "ஐயா, பிரசவ வார்டை எப்பத் திறப்பீங்க? எங்க பொண்ணுக்கு இதுதான் மாசம்."

"அதையேதாம்மா நானும் சொல்றேன்," என்றார் அமைச்சர் உருக்கமாக. "அன்னிக்கு அவங்க நம்மளைக் கைவிடாம இருந்திருந்தா, நம்ம நாடு இன்னிக்கு எங்கேயோ போயிருக்கும். வார்டு பூட்டிக் கிடக்குமா?"

"கேட்டியா!" என்றார் டாக்டர் பெருமையாக.

"கேட்டேன். நம்ம பொண்ணை நான் எங்கே பெத்தேன்?"

"அந்த வார்டுலதான்."

"அப்பக் கப்பல் திரும்பிப் போயிருந்துச்சா, இல்லையா?"

டாக்டர் விரல்விட்டு வருஷங்களை எண்ணிப் பார்த்தார். கப்பல்கள் போய் எத்தனையோ காலம் கழித்தும் அந்த வார்டு திறந்துதான் இருந்தது. ஊரில் பாதிப்பேர் அங்கேதான் பிறந்தார்கள். இவ்வளவு சின்னக் கணக்கை இத்தனை வருஷமாக ஏன் போட்டுப் பார்க்கவில்லை? அவருக்கே வெட்கமாக இருந்தது. வெட்கம் மெல்லக் கோபமாயிற்று; வாழ்க்கையில் முதல்முறையாக அது கடல் தாண்டவில்லை. நேரே நாற்காலியில் இறங்கியது.

"ஐயா, பூட்டினது யாரு?"

"அதிகாரிங்கதான், நான் விசாரிச்சு..."

"அதிகாரிங்க யாருக்குக் கீழே?"

அமைச்சர் வாசலைப் பார்த்தார். வாசலில் அந்த அம்மாள் நின்றாள்.

"பல்லை வலிக்காம எடுத்துடறேன், அது என் வேலை. உங்க வேலைக்கு இப்பவே ஒரு போன் போடுங்க."

அமைச்சர் மல்லாந்தபடியே போன் போட்டார். பாதி வாய் மரத்திருந்ததால் அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த அம்மாள்தான் போனை வாங்கி, "நாளைக்குக் காலைல திறக்கணுமாம், நர்ஸ் இருக்கணுமாம், அமைச்சர் என் பக்கத்துலயே இருக்காரு," என்று தெளிவாகச் சொன்னாள்.

திறந்தார்கள். பேத்தி அங்கேதான் பிறந்தாள். அதற்குள் வார்டில் மின்விசிறி சுற்றவில்லை என்று டாக்டர் அமைச்சர் வீட்டு வாசலுக்கு இரண்டு தடவை போய்வந்தார். பார்க்க முடியவில்லையாம், மூன்றாவது தடவையும் போவாராம்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்களை ஒன்று கேட்கட்டுமா? உங்கள் தெருவில் அணைந்து கிடக்கிற விளக்குக்குப் பொறுப்பு யார்? யோசிக்கிறீர்கள். சரி, போகட்டும். நம்மை நட்டாற்றில் விட்ட நாடு எது?

அடேயப்பா, இதற்கு மட்டும் என்ன வேகம்!