மிக முக்கியமான நிறுத்தம்

நேற்று எதைச் செய்து பலன் கிடைத்ததோ, அதையே இன்றும் செய்து பார்ப்பது உயிருள்ள எல்லாவற்றுக்கும் உள்ள குணம். நாய்க்கு உண்டு, வேன் டிரைவருக்கு உண்டு, எனக்கும் உண்டு. உயிரில்லாத ஒரு டப்பாவுக்கும் அந்தக் குணத்தை வேலை மெனக்கெட்டுக் கற்றுக்கொடுத்தவள் நான். அதைப் பற்றி இப்போது நிதானமாகப் பேச முடிகிறது. அன்றைக்கு அழுகைதான் வந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில், நாவலூரில் கண்ணாடிக் கட்டடங்கள் மழைக்கு முளைத்த காளான் மாதிரி எழும்பிக்கொண்டிருந்த காலம். அப்படி ஒரு கட்டடத்தில் நான் பயிற்சிப் பொறியாளர். பயிற்சிக் காலம் முடிந்ததும் ஒன்று நிரந்தரம் ஆக்குவார்கள், இல்லையென்றால் கைகுலுக்கி அனுப்புவார்கள். என்னோடு சேர்ந்தவர்களில் இரண்டு பேருக்கு ஏற்கெனவே கைகுலுக்கியாகிவிட்டது. எனக்கு ஒருமுறை தவணை நீட்டித்திருந்தார்கள். (நீட்டித்தார்கள் என்பது மரியாதையான சொல். இழுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் சரி.)

இதில் அம்மா வேறு அவசரப்பட்டுவிட்டார். செங்கல்பட்டில் எங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, மகள் எஸ்தருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது என்று சாட்சி சொல்லி, நன்றிக் காணிக்கையும் போட்டுவிட்டார். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. அன்று எனக்குக் காய்ச்சல் என்று வீட்டில் படுத்திருந்தேன். இருந்திருந்தால் தடுத்திருப்பேன்.

"இன்னும் குடுக்கலம்மா," என்றேன்.

"குடுப்பாங்க. நம்ம வம்சத்துலயே அடுத்தவன் கழனில நிக்காம சேர்ல குந்தி சம்பளம் வாங்கற மொத ஆளு நீ. கர்த்தர் குடுத்துட்டாருன்னு சபைல சொல்லிட்டேன். இப்போ இல்லன்னா அவரு பேரும் சேர்ந்து கெடும்."

கடவுளின் பெயரைக் காப்பாற்றும் பொறுப்பும் இப்படி என் தலையில் விழுந்தது.

எனக்குக் கொடுத்திருந்த வேலை, கம்பெனி வேன்களுக்கு வழி சொல்லும் ஒரு மென்பொருள். டிரைவர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று அது கவனித்துக்கொண்டே இருக்கும். பட்டியலில் இல்லாத இடத்தில் நின்றால் 'அனுமதியில்லாத நிறுத்தம்' என்று கத்தும். ஆனால் வேலைக்குச் சேருகிறவர்கள் புதுப்புது இடங்களிலிருந்து வருவார்களே? அதற்கும் யோசித்திருந்தேன். தினமும் ஒரே இடத்தில் வண்டி நின்றால், அங்கே யாரோ ஏறுகிறார்கள் என்று பெட்டி தானே புரிந்துகொண்டு அதை நிறுத்தமாகச் சேர்த்துக்கொள்ளும். அதிக நேரம் நின்றால் அதிகம் பேர் ஏறுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு அதற்கு முக்கியத்துவத்தைக் கூட்டும். சூழலுக்கு ஏற்ப மாறும் மென்பொருள் என்று நான்தான் அதற்குப் பட்டம் கொடுத்தேன். கொடுத்த அன்று எனக்குத் தலை கால் புரியவில்லை.

அறிவிப்புக் குரலும் என்னுடையதே. வேறு ஆள் வைக்க மனமில்லாமல் என்னையே பேசச் சொன்னார்கள். மாநாட்டு மேடையில் வரவேற்புரை சொல்கிறவள் மாதிரி இழுத்து இழுத்துப் பேசிப் பதிவு செய்தேன்.

என் வேன் செங்கல்பட்டில் கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வந்து, கடற்கரைச் சாலையில் திருவிடந்தை, கோவளம் தாண்டி, கேளம்பாக்கத்தில் திரும்பி நாவலூர் போகும். இவ்வளவு தெளிவாகச் சொல்கிறேனே தவிர, அந்தப் பாதையை நான் கண்ணால் பார்த்ததில்லை. திருக்கழுக்குன்றம் வருவதற்குள் எனக்குத் தூக்கம் வந்துவிடும். நாவலூர் வேகத்தடையில் வண்டி ஒரு குதி குதிக்கும்போது வேனில் உள்ள மொத்தப் பேரும் ஒன்றாக விழிப்போம். இடையில் ஸ்பீக்கரில் என் குரல் ஒலித்துக்கொண்டுதான் இருக்கும். அது என்னை எழுப்பியதில்லை. (என் பேச்சைக் கேட்டுத் தூங்குவது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பழக்கம்தான்.)

வேன் டிரைவர் ஏழுமலை. ஆரம்பத்தில் பெட்டியோடு சண்டை போட்டார். பிறகு அதன்மேல் துண்டைப் போட்டு மூடினார். பிறகு எப்போதோ சமாதானமாகிவிட்டார். "பொட்டி இப்போ பேஜாரு பண்றதில்ல மேடம், நல்ல புள்ளையா கீது," என்று அவரே சொன்னபோது, மனிதன் தொழில்நுட்பத்துக்குப் பழகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். யார் யாருக்குப் பழகினார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

மாதக் கடைசியில் பெட்டி சேர்த்துவைத்த தகவல்களைப் பார்த்தேன். எங்கள் பாதையிலேயே மிக முக்கியமான நிறுத்தம் திருவிடந்தை என்று வந்திருந்தது. மேலாளர் சேகர் சாரிடம் ஓடினேன்.

"சார், திருவிடந்தைல நம்ம ஆளுங்க நிறைய பேர் ஏர்றாங்க போல. புது அப்பார்ட்மென்ட் எதாச்சும் வந்திருக்கும்."

"பாத்தியா, நமக்கே தெரியாத விஷயத்தை சாஃப்ட்வேர் கண்டுபிடிச்சிருக்கு," என்றார் அவர். அவர் ஊரப்பாக்கத்திலிருந்து சொந்தக் காரில் வருகிறவர். திருவிடந்தையை அவரும் பார்த்ததில்லை.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். உயரமான, அதிகம் சிரிக்காத பெண்மணி. அவர்கள் ஊரில் ஓடும் வண்டிகளுக்கு இந்த மென்பொருளை வாங்கலாமா என்று பார்க்க வந்திருந்தார். தங்கியது மாமல்லபுரத்தில் கடலோர விடுதி. காலையில் எங்கள் வேனிலேயே அவரை ஏற்றிக்கொண்டு, பெட்டி வேலை செய்வதைக் காட்டியபடியே நாவலூர் வருவது என்று ஏற்பாடு.

"இது மட்டும் ஓகே ஆச்சுன்னா, அடுத்த நாளே உன் கன்ஃபர்மேஷன் எஸ்தர். சொதப்பிடாத," என்றார் சேகர் சார். ஏழுமலையிடமும் கண்டிப்பாகச் சொன்னார்: "நாளைக்கு பெட்டி என்ன சொல்லுதோ அதை மட்டும் செய். சொந்த புத்தியை உபயோகிக்காத."

மறுநாள் நான் தூங்கவில்லை. ஏழுமலைக்குப் பக்கத்து சீட்டில் அயர்ன் செய்த சுடிதாரில் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"மேடம், அந்தாண்ட ஒரு எடத்துல பொட்டி நிக்க சொல்லும். நிக்கணுமா?"

"பெட்டி சொன்னா நில்லுங்கண்ணா."

"இல்ல மேடம், இன்னிக்கு ஒரு நாளு வேணா..."

"நில்லுங்கண்ணா. சார் சொன்னாரில்ல?"

"அப்போ சரி," என்று சொல்லி ஏழுமலை சாலையைப் பார்த்தார். அந்த முகத்தில் தெரிந்தது பணிவு என்று நினைத்தேன்.

மாமல்லபுரத்தில் வாடிக்கையாளர் அம்மையாரும், அவரை அழைத்துவர விடுதிக்கே போயிருந்த சேகர் சாரும் ஏறினார்கள். பட்டிப்புலத்தில் பெட்டி நிற்கச் சொன்னது, ஒருவர் ஏறினார். நெம்மேலியில் சொன்னது, இரண்டு பேர் ஏறினார்கள். அம்மையார் தலையை ஆட்டினார். நான் மனதுக்குள் அம்மாவின் காணிக்கைக்குக் கணக்கு நேர் செய்துகொண்டிருந்தேன்.

அப்போது என் குரல் கணீரென்று ஒலித்தது. "மிக முக்கியமான நிறுத்தம் வருகிறது. தயாராக இருக்கவும்."

சேகர் சார் அதை அம்மையாருக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். மென்பொருள் தானே கண்டுபிடித்த இடம் என்று கூடுதலாக ஒரு வரியும் சேர்த்தார். வண்டி ஒரு சவுக்குத் தோப்பின் ஓரமாக நின்றது. அப்பார்ட்மென்ட் இல்லை. ஆட்களும் இல்லை. தென்னங்கீற்று போட்ட ஒரு வடைக்கடை இருந்தது. கடைக்கு முன்னால் நான்கு நாய்கள் வேனைப் பார்த்தபடி வரிசையாக நின்றிருந்தன.

கடைக்கார அம்மா கையில் தட்டோடு வந்தார். "இன்னா ஏழுமல அண்ணாத்த, இன்னிக்கு விருந்தாளிங்கள எல்லாம் இட்டுகினு வந்துகீற."

எனக்கு விஷயம் மெதுவாகப் புரியத் தொடங்கியது. நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்து தூங்கும்போது, ஏழுமலை தினமும் இங்கே வண்டியை நிறுத்தி நிம்மதியாக நாஸ்தா சாப்பிட்டிருக்கிறார். விடாமல் நிறுத்தினால் பெட்டி கத்துவதை விட்டுவிடும் என்பதையும் கண்டுபிடித்திருக்கிறார். பாதி வடை நாய்களுக்குப் போயிருக்கிறது. நாய்களும் தங்கள் பங்குக்கு ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

"நிறுத்தம் வந்துவிட்டது. கதவைத் திறக்கவும்," என்றது என் குரல்.

திறக்காதீர்கள் என்று நான் சொல்வதற்குள், சொந்த புத்தியை உபயோகிக்காத ஏழுமலை கதவைத் திறந்துவிட்டார். நான்கு நாய்களும் இடித்துக்கொள்ளாமல், எங்கள் ஊழியர்களைவிட ஒழுங்காக ஏறின. செவலை நாய் ஒன்று அம்மையாரின் மடியில் தாடையை வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தது. சேகர் சார் இரண்டு கால்களையும் சீட்டின்மேல் தூக்கிக்கொண்டார்.

நான் குதித்து இறங்கி, "தயவுசெய்து இறங்குங்க, போ, போ," என்றேன். பதற்றத்தில் அதே வரவேற்புரைக் குரல் வந்துவிட்டது. நாய்கள் சட்டென்று என் பக்கம் திரும்பின. வேனிலிருந்து இறங்கி என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. நான் பேசப் பேச வால் வேகமாக ஆடியது.

"நீ பேசாத மேடம்," என்றார் ஏழுமலை. "உன் கொரலு கேட்டாதான் வடை வரும்னு அதுங்க நெனச்சிகினு கீதுங்க. டெய்லி அப்படித்தான குடுக்கறேன்."

வாழ்நாளில் என் பேச்சை இவ்வளவு ஆர்வமாகக் கேட்டவர்கள் அந்த நான்கு பேர்தான். அப்போது அதை ரசிக்கும் நிலையில் நான் இல்லை. வேலை போய்விட்டது, அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்பதுதான் மனதில் ஓடியது.

"வண்டியை எடு," என்று சேகர் சார் பல்லைக் கடித்தார். நான் ஏறினேன், ஏழுமலை எடுத்தார். இரண்டடி நகர்வதற்குள், "பயணிகள் இன்னும் ஏறவில்லை. காத்திருக்கவும்," என்று பெட்டி அலறியது. மறுபடி எடுத்தார். மறுபடி அலறியது. தினமும் இங்கே எவ்வளவு நேரம் நின்றதோ அவ்வளவு நேரம் இன்றும் நின்றால்தான் அது விடும். அப்படி எழுதியதும் நான்தான். வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

அம்மையார் முதல்முறையாக வாயைத் திறந்தார். இது என்ன நிறுத்தம் என்று கேட்டார்.

சேகர் சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் அம்மையார் பக்கம் திரும்பினார். "இது எங்கள் ஊழியர்களின் காலைச் சிற்றுண்டி நிறுத்தம். நிறுவனமே அதிகாரபூர்வமாக ஏற்பாடு செய்திருக்கிறது," என்றார்.

"நாய்கள்?"

"பாதுகாப்புக்கு."

அம்மையார் அதை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு ஒரு மசால் வடையை வாங்கிச் சாப்பிட்டார். ஊழியர் நலனில் இவ்வளவு அக்கறை உள்ள நிறுவனத்தைத் தான் பார்த்ததில்லை என்றும், கிளம்பும் முன் இன்னொருமுறை இதே வேனில் வர விரும்புவதாகவும் சொன்னார்.

சொன்ன பொய் அதற்குள் பொய்யாகிவிடக் கூடாதே. அன்று மாலையே சேகர் சார் சுற்றறிக்கை விட்டார். திருவிடந்தை சவுக்குத் தோப்பு, சிற்றுண்டி நிறுத்தம், இனிமேல் நிரந்தரம். நாய்களைத் துரத்தக் கூடாது என்று கீழே தனியாக ஒரு வரி. அம்மையாரின் கம்பெனியில் மென்பொருளையும் வாங்கிவிட்டார்கள். தானாகக் கற்றுக்கொள்ளும் பகுதியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்கள்.

என்னைத் தனியாகக் கூப்பிட்டார் சேகர் சார். "ப்ராஜெக்ட் நல்லாத்தான் போச்சு எஸ்தர். உன்னைத்தான் இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும்." எனக்கு மறுபடியும் தவணை நீட்டித்தார்கள்.

வீட்டுக்கு வந்து ஒன்று விடாமல் சொல்லி அழுதேன். அம்மா ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். மூச்சு திரும்பியதும் கேட்டார்: "அப்போ நாயிங்களுக்கு பர்மனென்ட் பண்ட்டாங்க, உனக்குத்தான் இல்லையா?"

நான் நிரந்தரமாக அதற்குப் பிறகு ஆறு மாதம் ஆனது. போன வாரம் என் மகன், பள்ளி கிரிக்கெட் அணியில் தன் பெயர் இன்னும் வரவில்லை என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்: "நாய்ங்க பேரு வந்துடுச்சா?"

"அது மொத லிஸ்ட்லயே வந்துடுச்சுப்பா," என்றான் அவன்.