வரிக்காரருக்குக் காட்டிய வறுமை

பயந்தவனுக்கு மூளை வேலை செய்யாது என்பார்கள். அது சுத்தப் பொய். என்னுடையது ஓய்வில்லாமல் வேலை செய்தது. அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

பருத்தித்துறையில் எனக்கு ஒரு கடை. மீன்பிடி வள்ளங்களின் இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் விற்கிறேன். வியாபாரம் குறைவில்லை. ஆனால் வரிக் கணக்குக் காட்டச் சொல்லி வந்த கடிதங்களை, 'பிறகு பார்ப்பம்' என்று சில வருடங்களாகப் பிரிக்காமலே வைத்திருந்தேன். (பிரிக்காத கடிதம் வந்த கடிதமாகாது என்பது என்னுடைய அப்போதைய சட்ட அறிவு.) கடைசியாக வந்ததை ஏதோ துணிவில் பிரித்தேன். வரி, வட்டி, தண்டம் எல்லாம் சேர்த்து ஒரு தொகை போட்டிருந்தது. கடையையும் வீட்டையும் விற்று, மேலதிகமாக என்னையும் விற்றாலும் கடன் மிச்சம் நிற்கும்.

மனைவி சுகந்தியிடம் மூச்சு விடவில்லை. மகள் ஆரணிக்கு அப்போதுதான் தரகர் மூலம் வட்டுக்கோட்டையில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம்; மாப்பிள்ளை வீட்டாரை நான் இன்னும் நேரில் பார்த்திருக்கவில்லை. இந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழும்பிவிடுவேன். கடை வாசலில் ஜீப் நின்றால் பின்கதவால் கடற்கரைக்குப் போய்விடுவேன்.

பக்கத்துக் கடைக்காரர் ஒருநாள் பேச்சுவாக்கில், "வரிக்காரர் வந்தால் முதல் வீட்டுச் சாமானைத்தான் பாப்பினம், அண்ணை" என்றார். பகிடிக்குத்தான் சொல்லியிருப்பார். அடுத்த நாள் சுகந்தி பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனதும், குளிர்சாதனப் பெட்டியையும் டீவியையும் அயல்வீட்டுக் கொட்டிலுக்கு ஏற்றி அனுப்பினேன்.

பின்னேரம் வந்தவள் கேட்டாள். "பிரிஜ் எங்கை?"

"பழுது. திருத்தக் குடுத்தனான்."

"டீவி?"

"அதுவும் பழுது."

"ரெண்டும் ஒரே நாளிலையோ?"

"ஓம். கரண்ட் கூடி வந்திட்டுது."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் நான் மட்டும் வீட்டில் இருந்தபோது, வெள்ளைச் சேட்டு, கறுத்தச் சப்பாத்து, கக்கத்தில் ஒரு பைலுடன் ஒரு பெரியவர் படலையைத் திறந்தார். ஓடிப்போய் இருந்ததிலேயே கிழிந்த சாரத்தைக் கட்டிக்கொண்டு வந்தேன்.

"வட்டுக்கோட்டையிலை இருந்து வாறன். இஞ்சாலை ஒரு அலுவலாய் வந்தனான், அப்பிடியே உங்களையும் பாத்திட்டுப் போவமெண்டு" என்றார். (ஊர்க்காரரை அனுப்பினால் தெரிந்த முகம் என்று இரங்கிவிடுவார்கள் என்று வெளியூர் ஆளை அனுப்பியிருக்கிறார்கள்! என்ன தந்திரம்!)

"கடை எப்பிடிப் போகுது?"

"கடையோ ஐயா? சும்மா பேருக்குத் திறந்து வைச்சிருக்கிறன்."

"வீடு?"

"மனிசியின்ரை. மழை பெய்தால் வெளியிலை நிக்கிறதும் உள்ளுக்கை நிக்கிறதும் ஒண்டுதான்."

"மகள் வேலையெல்லோ?"

"ஓம், ஆசுபத்திரியிலை நேர்ஸ். அவளின்ரை சம்பளத்திலைதான் அடுப்பு எரியுது."

இந்த இடத்தில் எனக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. அவருக்கும் கலங்கியது. அரசாங்கத்துக்கும் இதயம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெறுந்தேத்தண்ணி கொடுத்தேன். குடித்துவிட்டு, என் தோளைத் தடவி, "யோசியாதேங்கோ" என்று சொல்லிப் போனார்.

அன்று பின்னேரம் சுகந்திக்குத் தொலைபேசி வந்தது. மாப்பிள்ளையின் தாய்.

"இவர் உங்கடை வீட்டை வந்திட்டு வந்து அழுகிறார். உங்கடை நிலைமை விளங்குது. எங்களுக்குச் சீதனம் ஒண்டும் வேண்டாம். பிள்ளையை மட்டும் தாங்கோ."

சுகந்தி போனை வைத்தாள். "எங்கடை என்ன நிலைமையப்பா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கடிதங்களை எல்லாம் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொன்றாக வாசித்தாள். பிறகு கேட்டாள்: "கடன் எங்கடை கடன். நீங்கள் மட்டும் ஏன் சாப்பிடாமல் கிடந்தனியள்?"

பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை ஆரணி லீவு போட்டுக்கொண்டு என்னை யாழ்ப்பாணத்து வரிக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த அதிகாரி அம்மா என்னைப் பிடித்துக் கொடுக்கவில்லை, கதிரை தந்தார். "நீங்கள் கணக்குக் காட்டாதபடியால் நாங்களாய் மதிப்பிட்டதுதான் இது. உண்மைக் கணக்கைக் கொண்டு வாங்கோ" என்றார். ஒரு கணக்காளரைப் பிடித்துக் கணக்குக் கொடுத்தோம். தொகை குறைந்தது. சும்மா விடவில்லை, தண்டத்தில் ஒரு பகுதி நின்றது. கடைச் சாமான் ஏற்றும் வான் வண்டியை விற்று ஒரு பங்கைக் கட்டி, மிச்சத்தை மாதாமாதம் கட்ட ஒழுங்கு செய்தோம். இப்போது கடைக்குச் சைக்கிளில்தான் போகிறேன். நித்திரை வருகிறது.

வட்டுக்கோட்டைக்கும் போய் உண்மையைச் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை பெரியவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சம்பந்தம் போச்சு என்றே நினைத்தேன். பிறகு கதிரை ஆடும்படி சிரித்தார். "அப்ப நான் அழுதது வீணோ?" என்றார். சீதனம் வேண்டாமென்ற பேச்சை மட்டும் அவர் மாற்றவில்லை.

கலியாணம் நடந்து, இப்போது பேத்தியும் இருக்கிறாள். போகும் கொண்டாட்டங்களில் எல்லாம் அவர் என்னை, "இவர்தான் என்ரை ஏழைச் சம்பந்தி" என்றே அறிமுகப்படுத்துவார். எல்லாரும் சிரிப்பார்கள். போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில் ஒரு ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை. புறப்படும்போது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, மடித்த நோட்டு ஒன்றை என் கைக்குள் வைத்து அழுத்தினார். நான் திகைத்துப்போய்ச் சுகந்தியைப் பார்த்தேன்.

"வாங்குங்கோ" என்றாள் அவள். "ஆனால் இதையும் கணக்கிலை காட்டுங்கோ."