சிப் மாமாவும் நாலாயிரம் சுற்றும்

மயிலாப்பூரில் கோபத்தை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் சிப் மாமா. மற்றவர்கள் கோபப்பட வேண்டுமென்றால் அவரிடம் சில்லறையாக வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். காலையில் பால்காரரில் ஆரம்பித்து, பேப்பர்காரர், மாநகராட்சி, ரேடியோவில் செய்தி வாசிப்பவர் என்று ஒருவரையும் விடமாட்டார். அவர் வீட்டு கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' பலகை தொங்கும். உள்ளே நாய் கிடையாது. ஏன் என்று முதல் நாளே கேட்டுவிட்டேன்.

"நாய் எதுக்கு? நான் இருக்கேன், போறாதா?" என்றார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியராக இருந்தாராம். மேலதிகாரி தப்பாகப் போட்ட கணக்கை அவர் கண்ணெதிரிலேயே கிழித்துப் போட்டு, கையோடு வேலையையும் விட்டுவிட்டாராம். அதன்பிறகு கச்சேரி ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில், தன் வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்து, வெளிநாட்டுக் கார்களின் கம்ப்யூட்டரைப் பிரித்து, அதிலிருக்கும் சிப்பை மாற்றி எழுதிக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கம்ப்யூட்டர் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு ஏசி அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டிய வஸ்து. காருக்குள்ளும் அது இருக்கிறது என்று சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள்.

நான் அப்போது நந்தனத்தில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தேன். கல்யாணமும் ஆகவில்லை, புத்தியும் வரவில்லை. ஊர் திரும்பிய வெளிநாட்டுக்காரர் ஒருவரிடமிருந்து பத்து வருஷப் பழசான சிவப்பு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியிருந்தேன். இரண்டே சீட். நின்றால் ராஜாத்தி. ஓட ஆரம்பித்தால்தான் வம்பு. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜினுக்குள் யாரோ பட்டாணி வறுக்கிற சத்தம். நாலு மெக்கானிக்குகள் பார்த்தார்கள். நாலு பேரும் பிளக்கை மாற்றினார்கள். ஐந்தாவது ஆள் கும்பிடு போட்டுவிட்டு சிப் மாமாவின் விலாசத்தைக் கொடுத்தார். "எதிர்த்துப் பேசிடாதீங்க சார்" என்று எச்சரிக்கையும் கொடுத்தார்.

மாமா பானெட்டைத் திறக்கவே இல்லை. என்னை ஓட்டச் சொல்லி, பக்கத்து சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். லஸ் முனை வந்ததும், "நிறுத்துடா!" என்று ஒரு கத்தல். நடு ரோட்டில் நிறுத்தினேன். பின்னால் வந்த பஸ் டிரைவர் என் குடும்பத்தையே விசாரித்தார்.

"ஜப்பான் பெட்ரோலை நெனச்சு எழுதின கணக்குடா உள்ள இருக்கு. நீ ஊத்தறது நம்மூர் பெட்ரோல். எப்போ பொறி தட்டணும், எவ்வளவு பெட்ரோல் விடணும்னு அந்த சிப் தப்புத் தப்பாச் சொல்லிண்டிருக்கு. இன்ஜின் அழுதுண்டிருக்கு. அதக் கேட்டுண்டு நீ ஊர் சுத்திண்டிருக்க!"

"சரி பண்ண முடியுமா மாமா?"

"வண்டியப் பண்ணிடலாம். உன்னை என்ன பண்றது?"

அதற்கப்புறம் ஆறு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் திட்டு வாங்கினேன். சிப்பில் எழுதுவார், மாட்டுவார், என்னோடு ஒரு சுற்று வருவார், திட்டுவார், கழற்றுவார். பழைய எழுத்தை அழிக்கப் புற ஊதாக்கதிர் விளக்கு ஒன்று வேண்டும். அவருடைய விளக்கு கெட்டுப் போயிருந்தது. அதைச் செய்தவன் மேல் இருந்த கோபத்தில் வேறு வாங்க மறுத்துவிட்டார். "மெட்ராஸ் வெயில் எதுக்குடா இருக்கு?" என்று மாமி உலர்த்திய வடாமுக்குப் பக்கத்திலேயே சிப்புகளை வரிசையாகக் காயவைத்தார். ஒரு வாரத்தில் அழிந்தும்விடும். ஒரு நாள் காக்கா வடாமை விட்டுவிட்டு சிப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் ஏறி, அந்தக் காக்காயோடு அரை மணி நேரம் சண்டை போட்டார். காக்காதான் முதலில் களைத்தது.

ஒவ்வொரு வாரமும் காரில் புதிதாக ஒரு குற்றம் கண்டுபிடிப்பார். டயர் தேய்ந்திருக்கிறது, பிரேக் ஹோஸ் வெடிப்பு விட்டிருக்கிறது, மாற்று என்பார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எதையும் மாற்றவில்லை.

ஏழாவது ஞாயிறு பட்டாணி நின்றது. இன்ஜின் பட்டுப் புடவை மடிப்பதுபோல் சரசரவென்று ஓடியது. இரண்டு வாரம் ஊருக்குள் ஓட்டித் திரிந்தேன். தி. நகர் நெரிசலில் இரண்டாவது கியருக்குப் போவதே பெருமை என்பதால், எனக்கு ஒரு விஷயம் தெரியாமலே போனது.

அது தெரிந்தது திருவான்மியூருக்கு அப்பால். ஆபீஸ் நண்பன் மூர்த்தி, தன் அப்பா வாங்கித் தந்த புதுக் காரோடு வந்திருந்தான். காலை வேளை, காலி ரோடு. யார் முந்துவது என்று பந்தயம். வேடிக்கை பார்க்க ஆபீஸில் பாதி வந்திருந்தது. மிதித்தேன். இன்ஜின் வேகத்தைக் காட்டும் முள் நிமிஷத்துக்கு நாலாயிரம் சுற்றைத் தொட்டதும் கார் 'லொக் லொக்' என்று இருமியது. கியரை மாற்றினேன். மறுபடி நாலாயிரம், மறுபடி இருமல். மூர்த்தி டாட்டா காட்டிக்கொண்டே போனான். முந்திக்கொண்டு போன ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்காரர்கூட என்னைப் பரிதாபமாகப் பார்த்தார் என்று ஆபீஸில் ஒரு மாதம் சொல்லிச் சிரித்தார்கள்.

பந்தயம் முடிந்த கையோடு நேரே மயிலாப்பூர் போனேன். கேட்டிலேயே கத்தினேன்.

"என்ன எழுதி வெச்சிருக்கீங்க என் வண்டியில?"

மாமா நிதானமாக வெளியே வந்தார். "நாலாயிரத்துக்கு மேல போகாதபடி கட்டி வெச்சிருக்கேன்."

"யாரைக் கேட்டு? என் கார் சார் அது!"

சந்து முனையில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அஞ்சலை எழுந்தே வந்துவிட்டாள். "இன்னா ஐயரே, இன்னிக்கி உன்ன ஒருத்தர் திட்டிக்கினு கீறாரு? ஒலகமே மாறிப் பூட்ச்சா?"

மாமா ஷெட்டுக்குள் போனார். ஜாக்கியை எடுத்து வந்து, முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் ஹோஸைக் காட்டினார். ரப்பர் வெடித்து, உப்பி, பிரேக் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. "இதோட நூத்தம்பதுல போவியா நீ? மூணு தரம் சொன்னேன். கேட்டியாடா?"

தொட்டுப் பார்த்தேன், விரலில் ஆயில் ஒட்டியது. ஆனாலும் என் கோபம் இறங்கவில்லை. "சொல்லிட்டுக் கட்டியிருக்கணும். ஹைவேல லாரியத் தாண்டறப்போ இப்படி இருமியிருந்தா? எதிர்ல பஸ் வந்திருந்தா? அப்ப என்னைக் கொன்னது பிரேக்கா, நீங்களா?"

மாமா கழற்றிய சக்கரத்தைத் தரையில் கிடத்திவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"அத நான் யோசிக்கல" என்றார். பிறகு தன் நெற்றியிலேயே பளாரென்று அடித்துக்கொண்டார். "மடையன். நான்தான் மடையன்."

அஞ்சலை என் பக்கம் திரும்பினாள். "பாவம், உட்டுடு நைனா."

ஹோஸ் சிங்கப்பூரிலிருந்து வர மூன்று வாரம் ஆனது. அதுவரை காரை அவர் ஷெட்டிலேயே விட்டேன். சாவியை அவர் தரமாட்டேன் என்று சொன்னதும் ஒரு காரணம். மாட்டியபின் நாலாயிரம் சுற்றுக் கட்டுப்பாட்டை அவிழ்த்துப் புது சிப் எழுதினார். எழுதியதை முதல் முறையாக என்னிடம் வரிக்கு வரி படித்துக் காட்டி, "சம்மதமா?" என்று கேட்டார். எனக்கு ஒரு வரியும் புரியவில்லை. சம்மதம் என்றேன்.

மகாபலிபுரம் சாலையில் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். நாலாயிரம், ஐயாயிரம், ஆறாயிரம். இருமல் இல்லை. ஒரு வசவும் இல்லாததுதான் பயமாக இருந்தது. திரும்பிப் பார்த்தேன். மாமா கண்ணை மூடிக்கொண்டு, கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்தவர்போல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படி மாமா?"

"ரோட்டப் பார்த்து ஓட்டுடா, மடையா!"

என்னைக் கேட்காமல் என் காரில் கை வைத்தது தப்பு என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அதை நினைத்தால் இப்போதும் சுருக்கென்று கோபம் வருகிறது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னை சார் என்றும் ஐயா என்றும் மரியாதையாகக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்காக அவ்வளவு கோபப்பட்டவர் வேறு ஒருவரும் இல்லை.