பம்பர் அண்ணனும் நீலக் கதவும்

கோயமுத்தூரில் மனிதர்களுக்கு ‘ங்க’ போட்டுப் பேசாத ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஆனால் காருக்கே ‘ங்க’ போட்ட ஒரே ஆள், நான் பார்த்தவரை, பம்பர் அண்ணன்தான். பானெட்டை மெதுவாகத் தட்டி, காதை வைத்து, “சௌக்கியமுங்களா?” என்பார். பதில் வந்தது போலத் தலையை ஆட்டிவிட்டுத்தான் இன்சூரன்ஸ் பேச்சையே எடுப்பார்.

உக்கடத்தில் ஒரு பேக்கரியின் மூலை மேஜைதான் அவருடைய இன்சூரன்ஸ் ஏஜென்சி ஆபீஸ். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. எந்த வண்டியைப் பார்த்தாலும் முதலில் பம்பரைத் தடவிப் பார்ப்பார். அதனால் அப்படி ஒரு பெயர். கல்யாணத்துக்குப் போனாலும் பார்க்கிங்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மண்டபத்துக்குள் நுழைவார். ஒருமுறை பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்த மணப்பெண்ணின் அப்பாவிடம், சம்பந்தி வீட்டார் முன்னாலேயே, “ஏனுங்க, உங்க வண்டிக்கு நேத்தோட பாலிசி முடிஞ்சுபோச்சுங்க” என்று சொல்லிவிட்டார். அந்த மனிதர் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போனைத் தேடி ஓடினார். பம்பர் அண்ணன் நிம்மதியாக மோரைக் குடித்தார்.

அவரிடம் நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், பதினாலு வயதான எங்கள் வெள்ளைக் கார். என் மனைவி கிணத்துக்கடவுக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பள்ளியில் டீச்சர். முழங்கால் தேய்ந்துபோய், பஸ் படி ஏற முடியாத நிலை. தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது என் வேலை. அந்த வருடம் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்ட தொகையைப் பார்த்ததும் காரை விற்றுவிடலாம் என்றேன். “அப்ப நானும் வேலையை விடறேன்னு எழுதிக் கொடுத்துடறேன்” என்றாள் அவள். சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் கழுவிய சத்தம் சாதாரணமாக இல்லை.

பம்பர் அண்ணன் என் போனை வாங்கி, கம்பெனிக்காரர்கள் கூடுதலாகச் சேர்த்து அனுப்பியிருந்த காப்பீடுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். “சாவி தொலைஞ்சா பணமாமுங்க. உங்க வண்டி ஸ்பூனை உட்டாலே தொறக்குதுங்களே! ரோட்டுல நின்னா ஆள் வருவாங்களாம். கிணத்துக்கடவு வரைக்கும் எல்லா மெக்கானிக்கும் உங்களுக்குச் சொந்தக்காரங்க மாதிரிதானுங்க? இதையெல்லாம் எடுத்துப்போடலாமுங்க.”

“திருட்டுக்கு?”

“அது இருக்கட்டுமுங்க. ஆனா எவனாச்சும் கொண்டுபோனாலும் பாவம், அவனே கொண்டாந்து உட்டுப்போடுவானுங்க.”

இத்தனை வருடம் நாங்கள் ஒரு கிளெய்ம்கூடக் கேட்டதில்லை. அதற்குண்டான தள்ளுபடி முழுசாகக் கிடைத்தால் கைக்கு அடக்கமாக முடித்துவிடலாம் என்றார். “ஆனா ஒரு சின்னக் கீறலுக்குக்கூடக் கிளெய்ம் போட்டுறாதீங்க, அத்தனையும் போயிருமுங்க.” அதோடு அவர் விடவில்லை. வண்டி ஓடும் வழியைக் கண்ணால் பார்க்காமல் பாலிசி போடும் பழக்கம் அவருக்கில்லை. பாலிசி முடியும் நாளன்று காலை எங்களோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தேங்காய்க் களம். அங்கே நிறுத்தி இளநீர் குடித்துக்கொண்டிருந்தோம். களத்துக்குள்ளிருந்து ஒரு உடுமலைப்பேட்டை டெம்போ ரிவர்ஸில் வெளியே வந்தது. ரிவர்ஸ் வரும் வண்டியைக் கண்டால் பம்பர் அண்ணனுக்குக் கை சும்மா இருக்காது. ஓடிப்போய்ப் பின்னால் நின்றுகொண்டார்.

“வரட்டுங்க… வரட்டுங்க… நல்லா வரட்டுங்க…”

டெம்போ எங்கள் காரை நெருங்கியது. வேறு ஊரில் யாராக இருந்தாலும் ‘நில்லு’ என்று ஒரு கத்துக் கத்தியிருப்பார்கள். பம்பர் அண்ணன் கையை உயர்த்தி, “ஏனுங்க கண்ணு, இத்தோட கொஞ்சம் நிறுத்துனீங்கன்னா நல்லா…” என்று ஆரம்பித்தார். ‘இருக்குமுங்க’ வருவதற்குள் எங்கள் பின்சீட்டுக் கதவு உள்ளே போய்விட்டது.

டிரைவர் பதறி இறங்கினார். “தப்பு என்னோடதுங்ணா!”

“அட இல்லீங்க, நான்தான் ஓரமா நிறுத்தலை” என்றேன் நான்.

“வாயை மூடுங்க சார்!” என்று பம்பர் அண்ணன் என்னிடம் பாய்ந்தார். “இன்சூரன்ஸ் விஷயத்துல மருவாதை பார்க்கக் கூடாதுங்க!” அடுத்த நொடியே டிரைவரின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க போங்க கண்ணு, தப்பு என்னோடதுங்க” என்றார்.

என் மனைவி கதவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். கிளெய்ம் போட்டால் தள்ளுபடி போகும், தள்ளுபடி போனால் கார் போகும், கார் போனால் அவள் வேலை போகும். நொறுங்கிய கதவோடு அன்று மாலையே, கிளெய்ம் இல்லாமல், பேக்கரி மேஜையில் பாலிசியைப் புதுப்பித்தோம். பம்பர் அண்ணன் தேநீரைத் தொடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் ஒரு ஆட்டோ. பம்பர் அண்ணனும் ஒரு டிங்கரும் ஒரு நீலக் கதவை இறக்கினார்கள். எங்கள் கார் மாடலேதான். எங்கே கிடைத்தது என்று கேட்டேன்.

“எங்கூட்டு வண்டியோட கதவுங்க. அது சும்மாதானுங்க தார்ப்பாய்க்குள்ள நிக்குது. உங்களது தினமும் ஓடற வண்டி.”

ஊரிலுள்ள காருக்கெல்லாம் பாலிசி போட்ட மனிதர் டவுன் பஸ்ஸில் போய்வந்த காரணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. தன் காருக்கு இன்சூரன்ஸ் கட்ட அவருக்கு வசதிப்படவில்லை.

அந்த நீலக் கதவோடுதான் என் மனைவி பணி ஓய்வு வரை பள்ளிக்குப் போனாள். வெள்ளைப் பெயின்ட் அடிக்க நான் பேச்செடுத்தபோதெல்லாம் முறைத்தாள். கடைசி நாளில் பம்பர் அண்ணனையும் அழைத்துப் போனோம். மாலையும் பரிசுமாகக் காரை நிரப்பிவிட்டுத் திருப்பப் பார்த்தால், பின்னால் கொடிக்கம்பத்துத் திண்டு. நான் ரிவர்ஸ் போட்டதுதான் தாமதம், அவர் நீலக் கதவைத் திறந்துகொண்டு குதித்துவிட்டார்.

“வரட்டுங்க… வரட்டுங்க…”

மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் வேறெதையும் பார்க்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த அவர் கையை மட்டும் பார்த்து எடுத்தேன்.

“நில்லு!”

திண்டுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு சாண். பம்பர் அண்ணன் வேர்த்துப்போய் ஜன்னலுக்கு ஓடி வந்தார். “மன்னிச்சுக்குங்க சார், அவசரத்துல மருவாதை இல்லாம சொல்லிப்போட்டேன்.”

அதைவிட மரியாதையாக என்னிடம் இதுவரை யாரும் பேசியதில்லை.