விமான நிலையத்தில் நீராகாரம்

நர்ஸுகளைப் போல மோசமான நோயாளிகள் உலகத்திலேயே கிடையாது. அடுத்தவருக்கு வேளை தவறாமல் மாத்திரை கொடுப்போம். நமக்கென்று வந்தால் கையில் கிடைத்ததை விழுங்கிவிட்டு ட்யூட்டிக்கு ஓடுவோம். அந்த வகையில் நான் முதல் ரேங்க்.

தொண்ணூறுகளின் நடுவில், குத்தாலத்தில் கணவரையும் மூன்று வயது மகளையும் விட்டுவிட்டு வளைகுடா நாடு ஒன்றில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனேன். (நர்ஸிங் படித்தவர்கள் எல்லாம் விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம். நான் மட்டும் என்ன பாவம் செய்தேன்?) போன கொஞ்ச நாளிலேயே தொண்டை வலி. யாரிடமும் காட்டாமல் நானே ஒரு ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டேன். கேட்கவில்லை. இன்னொன்று. அதற்கும் கேட்கவில்லை. அதைவிடப் பெரியதாக ஒன்று. தொண்டை சரியானது, வயிறு போய்விட்டது.

எது சாப்பிட்டாலும் அரை மணி நேரத்தில் ஓட்டம். வார்டில் நோயாளி மணி அடித்தால் நான் பாத்ரூமிலிருந்து குரல் கொடுத்தேன். யூனிஃபார்ம் என் மேல் கொடியில் காய்வது போலத் தொங்கியது. கடைசியில் எங்கள் மலையாளி டாக்டரம்மாவிடம் போய் உண்மையை ஒப்புக்கொண்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். குடலுக்குள் செரிமானத்துக்கு உதவும் நல்ல கிருமிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, நீ கெட்டதோடு சேர்த்து அவற்றையும் கொன்றுவிட்டாய், தயிர், புளித்த சாப்பாடு என்று சாப்பிட்டு வந்தால் மெல்லத் திரும்பி வரும் என்றார்.

புளித்த சாப்பாடு என்றதும் எனக்கு எங்கள் வீட்டுப் பழைய சோறுதான் ஞாபகம் வந்தது. கணவர் ஜெபராஜ் ரைஸ் மில்லில் மெக்கானிக். விடிந்ததும் மில்லுக்குக் கிளம்புகிறவர் என்பதால், மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பது எப்போதும் அவர் பொறுப்பு. வெள்ளிக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்துக்கு வந்து என் போனுக்குக் காத்திருப்பார். நான் எடுத்த எடுப்பிலேயே, "சோத்துல தண்ணி ஊத்துனீங்களா? புளிச்சுதா?" என்பேன்.

"என்னைய எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டேங்குற. சோத்தக் கேக்குற" என்பார்.

அவரைக் கேட்டால் அழுதுவிடுவேன், அதனால்தான் சோற்றைக் கேட்டேன் என்று அவரிடம் அப்போது சொல்லவில்லை.

ஒரு வருஷம் கழித்து முப்பது நாள் லீவில் வந்தேன். மகள் வாசலில் நின்று, "வாங்க ஆன்ட்டி" என்று மரியாதையாக வரவேற்றாள். தினமும் காலையில் பழைய சோறு, சின்ன வெங்காயம், மோர் மிளகாய். இரண்டு வாரத்தில் வயிறு கொஞ்சம் அடங்கியது. மகள் என் மடியில் வந்து உட்காரத்தான் இருபது நாள் ஆனது. பழகி முடிப்பதற்குள் டிக்கெட் தேதி வந்துவிட்டது.

கிளம்புகிற அன்று சொன்னேன்: "கொஞ்சம் பாட்டில்ல எடுத்துட்டுப் போறேங்க. அங்க போயி உறை ஊத்துற மாதிரி ஊத்தி வெச்சுக்கறேன்."

"அங்க அரிசி இல்லையா, தண்ணி இல்லையா?"

"அது வேற அரிசிங்க. வேற தண்ணி."

பிறகு அவரே ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுவி, சோற்றைப் பிசைந்து தண்ணீரோடு நிரப்பிக் கொடுத்தார். "மூடிய இறுக்காத எஸ்தர். இது பொங்கிக்கிட்டு வரும்."

நான் மூடியை இறுக்கி, அதன் மேல் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியைப் பத்து சுற்று சுற்றினேன். (படித்தவள் இல்லையா!)

சென்னை வரை பஸ்ஸில் பகல் முழுக்க வெயில். பிறகு விமானம். அங்கே இறங்கியபோது பாட்டில் பலூன் மாதிரி உப்பியிருந்தது. சுங்கப் பரிசோதனையில் ஓர் இளம் அதிகாரி, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையோடு, என் பையிலிருந்து அதை எடுத்தார். பொறுமையாகப் பிளாஸ்திரியைப் பிரித்தார். நான் "வேண்டாம், வேண்டாம்" என்று தமிழில் கத்தினேன். மூடியைத் திருகினார்.

டப்!

சட்டை, மீசை, மேஜை, என் பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் சோறு.

எனக்கு அரபியில் தெரிந்தது வார்டில் பேசும் நாலைந்து வாக்கியங்கள்தான். பதற்றத்தில் ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்து, "மூச்சை நன்றாக இழுங்கள்" என்றேன். அவரும் இழுத்தார். புளித்த வாடை நேராக மண்டைக்கு ஏறியது.

"மதுவா?" என்றார்.

அந்த நாட்டில் மதுவோடு பிடிபட்டால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். வேலை போகும், ஜெயில், அதோடு ஊர் முழுக்கப் பேச்சு. உயிர் பயத்தில் ஆங்கிலத்தில் அலறினேன்: "மது இல்லை! கிருமி! கோடிக்கணக்கில் கிருமி!"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் நாலடி பின்வாங்கினார்கள். "நல்ல கிருமி" என்று நான் சேர்த்துச் சொன்னபோது கேட்க ஆள் இல்லை.

என்னை ஒரு அறைக்குள் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் விமான நிலைய டாக்டர் வந்தார். சூடான்காரர், வயதானவர். நான் திக்கித் திணறி என் வயிற்றுக் கதை முழுவதையும் சொன்னேன். பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. முகர்ந்து பார்த்தார். எங்கள் ஊரில் சோள மாவை இப்படிப் புளிக்க வைப்போம் என்றார். பிறகு, "இதை நீ குடிப்பாயா?" என்று கேட்டார்.

குடித்தேன். முதல் வாயிலேயே எங்கள் வீட்டு அடுப்படி தெரிந்தது. ஜெபராஜ் பாட்டில் கழுவிய சத்தம், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற பாப்பா... இரண்டு அந்நிய ஆண்கள் முன்னால், பாட்டிலும் கையுமாக, மூக்கு ஒழுக அழுதேன். மீசையில் பருக்கையோடு நின்ற அந்த அதிகாரி டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"பாட்டிலை உள்ளே விட முடியாது" என்றார் டாக்டர். "வயிற்றில் இருப்பதை நான் சோதிப்பதில்லை."

ஒரு பருக்கை விடாமல் முடித்தேன்.

ஒரு பாட்டிலில் குடல் திருந்திவிடாது, தினமும் சாப்பிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்ல, ஹாஸ்டலில் கடை அரிசியிலேயே ஊற வைத்தேன். ரூமில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ஆனால் புளித்தது, சில மாதத்தில் வயிறும் நிலைக்கு வந்தது. கிருமிக்கு எந்தத் தண்ணீரிலும் குடியேற வருகிறது. எனக்குத்தான் கடைசி வரை வரவில்லை.

நடந்ததைக் கடிதத்தில் எழுதியது என் தப்பு. ஜெபராஜ் அதைத் தெரு முழுக்க வாசித்துக் காட்டியிருக்கிறார். போன வருஷம் மகள் கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரிடம்கூட அந்தக் கதையைச் சொல்லித்தான் என்னை அறிமுகப்படுத்தினார். அதற்கு ஆதாரமாக ஒரு தாளையும் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

மகள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது 'என் அம்மா' என்று கட்டுரை எழுதச் சொன்னார்களாம். அந்தத் தாளைக் கிழித்து ஜெபராஜ் அப்போது எனக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். அவள் எழுத்துக் கூட்டக் கற்றதை நான் பார்த்ததில்லை. அவள் கையெழுத்தை முதன்முதலில் பார்த்தது அதில்தான். ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன்.

"என் அம்மா பெயர் எஸ்தர். என் அம்மா வெளிநாட்டில் இருக்கிறார். அங்கே கிறுமி கடத்துகிறார்."

டீச்சர் 'கிறுமி'யைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, 'கிருமி' என்று திருத்தியிருந்தார். மற்றபடி எல்லாம் சரி என்று பெரிதாக ஒரு டிக் போட்டிருந்தார்.