ஆபீசர் வந்த அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்த சாமான்கள்

திருத்தங்கல்,
திங்கட்கிழமை.

அன்பும் பொறுமையும் மிகுந்த மாப்பிள்ளை மாரீஸ்வரன் அவர்களுக்கு, அத்தான் முனியராஜ் எழுதிக்கொண்டது. இங்கு நான், உங்கள் அக்கா செல்வலட்சுமி, மகள் ஸ்ரீமதி மூவரும் சுகம். அங்கு நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாயிருக்க இருக்கன்குடி மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

வழக்கமாக உங்களை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். ஸ்ரீமதி படிப்புக் கடனுக்கு ஜாமீன் போட்டவர் என்பதாலும், பேங்க் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கும் வந்த நாளிலிருந்து நான் கூப்பிட்டால் மட்டும் உங்கள் போன் அடிக்க மாட்டேன் என்கிறது என்பதாலும் இந்த மரியாதை. பயப்பட வேண்டாம். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை, காலை நீட்டித் தூங்கலாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

பிள்ளை இன்ஜினியரிங் முடித்து ஓசூர் கம்பெனிக்குப் போனதும், பயிற்சி முடிவதற்குள் கம்பெனிக்காரன் ஷட்டரை இறக்கிவிட்டதும் உங்களுக்குத் தெரியும். இப்போது விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டி ஒன்றில் கணக்கெழுதப் போகிறாள், பேங்க் தவணைக்குப் பக்கத்தில் வைத்தால் அவள் சம்பளம் அதன் பேரப்பிள்ளை மாதிரி இருக்கிறது. இப்படி இருக்கையில்தான், வேலை அமையாத பிள்ளைகளுக்குத் தவணையைத் தள்ளிவைத்து அதுவரைக்கும் ஏறுகிற வட்டியை அரசாங்கமே கட்டும் என்று அறிவிப்பு வந்தது, நானும் பிள்ளையும் முகாமுக்கு ஓடினோம், அங்கே நவநீதகிருஷ்ணன் என்கிற சின்ன வயது ஆபீசர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து வசதியைப் பார்த்துத்தான் எழுதுவேன் என்றார்.

‘வீட்டுக்கு ஆபீசர் வர்றார்’ என்பது மட்டும்தான் உங்கள் அக்கா காதில் விழுந்தது. எதற்கு வருகிறார் என்பதை நானும் அழுத்திச் சொல்லவில்லை, எனக்கே அந்த நேரம் அது தோன்றவில்லை. நம்ம பக்கம் பெரிய மனிதர் வீட்டுக்கு வந்தால் தெருவே சேர்ந்து வீட்டைத் தூக்கி நிறுத்தும் அல்லவா, அதே மாதிரி பக்கத்து வீட்டுப் பெத்தணனின் நாற்காலிகள் வந்தன, பின்வீட்டு மிக்சி வந்தது, யாருடையது என்று இன்றுவரை தெரியாத ஒரு பெரிய டிவி வந்து சுவரோரம் உட்கார்ந்தது. எதிர்வீட்டு இருளம்மாள் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்கு வேன் ஏறுமுன், வேலை செய்கிற இடத்துக்கு நகை போட்டுப் போகக்கூடாது, வீட்டில் சும்மாதானே கிடக்கும் என்று தன் சங்கிலியைக் கழற்றி உங்கள் அக்கா கழுத்தில் போட்டுவிட்டுப் போனாள். நானும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன், கடன் வாங்கினவன் மாதிரியே இல்லை.

காலையில் வருகிறேன் என்ற ஆபீசர் சாயங்காலம்தான் வந்தார். சேவும் கலரும் வைத்தோம். சுற்றிச் சுற்றிப் பார்த்தவர் ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“சார், இந்த வீட்டப் பாத்தா நீங்கதான் பேங்குக்குக் கடன் குடுக்கணும் போல இருக்கே.”

நான் அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன். அவர் கைகழுவப் பின்பக்கம் போனார். அங்கே குளியலறைக்கு மறைப்பாகக் கட்டியிருப்பது, ஸ்ரீமதிக்கு ஓசூர் வேலை கிடைத்தபோது நான் வேலை பார்க்கிற பிரஸ் பையன்கள் ஆசையாக அடித்துக் கொடுத்த பிளெக்ஸ். சம்பளம் மாதம் ஒரு லட்சம் என்று அவர்களாகவே போட்டுவிட்டார்கள், என் போட்டோவைக் கொஞ்சம் பெரிசாக்கச் சொன்னது மட்டும்தான் நான். ஆபீசர் ஈரக்கையோடு திரும்பி வந்து பைலை மூடினார். ஸ்ரீமதிதான் முன்னால் வந்தாள்.

“சார், அந்தச் சம்பளத்த நான் பாத்தது அந்தத் துணியில மட்டுந்தான். தெனமும் குளிக்கப் போகும்போது பாக்கேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கண் டிவி மேலேயே இருந்தது. நல்லவேளை, அந்நேரம் கம்பெனி வேன் வந்து நின்றது. இருளம்மாள் கை கால் மருந்துத்தூளோடு நேராக உள்ளே வந்தாள்.

“மதினி, சங்கிலியக் கழட்டுங்க, சாத்தூர்ல ஒரு விசேசத்துக்குப் போகணும். ஆமா, அந்த ஆபீசரு வந்துட்டுப் போயிட்டாரா, இனிமேத்தான் வருவாரா?”

ஆபீசர் முன்னாலேயே உங்கள் அக்கா கழற்றிக் கொடுத்தாள். இருளம்மாள் சங்கிலியோடு போனாள், பின்வீட்டுக்காரி சட்னி அரைக்க வேண்டும் என்று மிக்சியைத் தூக்கினாள், டிவியை இரண்டு பேர் வந்து எடுத்துப் போனார்கள், யார் என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை. கடைசியில் பெத்தணன் வந்து ஆபீசர் தோளைத் தொட்டான்.

“தம்பி, கொஞ்சம் எந்திரிக்கீகளா, இது எங்க வீட்டு நாற்காலி.”

மாப்பிள்ளை, மனிதர் எழுந்து கொடுத்துவிட்டு, வெறும் வீட்டின் நடுவில் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சுவரில் பைலை வைத்து நின்றபடியே எழுதினார். தவணையைத் தள்ளிவைக்கலாம், வட்டியை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், பிள்ளை அதற்குள் நல்ல வேலை தேடிக்கொள்ளட்டும் என்று சொல்லி, மிச்சச் சேவைப் பொட்டலம் கட்டித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டு போனார். ஸ்ரீமதி அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்கு அப்புறம் ரெண்டு தோசை கூடக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டேன்.

ஆகவே நீங்கள் நிம்மதியாக இருங்கள். தங்கச்சிக்கு என் அன்பையும் பிள்ளைகளுக்கு ஆசியையும் சொல்லவும். உங்கள் குடும்பம் ஆல்போல் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
அத்தான் முனியராஜ்.

பின்குறிப்பு: ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மேலே எழுதியது காலை நிலவரம். மதியம் ஆபீசர் போன் செய்து, ஆள் மூலம் ஒரு பத்திரமும் கொடுத்தனுப்பினார். தள்ளிவைக்கிற பத்திரத்தில் ஜாமீன் போட்டவரும் புதிதாகக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லுமாம். பத்திரமும் பேனாவும், இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து இப்போது உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்கிற உங்கள் அக்காவின் பையில் இருக்கின்றன. கையெழுத்து வாங்காமல் திரும்ப மாட்டேன் என்று மாற்றுச்சேலை எடுத்து வைத்துக்கொண்டுதான் பஸ்ஸுக்குக் கிளம்புகிறாள். எத்தனை சேலை என்று நான் கேட்கவில்லை. பை கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது.