போகாத பிரேக் ஒயர்

வேலை போன ஆண்பிள்ளை கையில் ஸ்பேனரோடு வீட்டுக்குள் உலாவ ஆரம்பித்தால், கூட இருப்பவர்கள் இரக்கம் பார்க்காமல் அதைப் பிடுங்கிவிட வேண்டும். அவன் எதையும் சரி செய்யப் போவதில்லை. தன்னால் இன்னும் ஏதோ பிரயோஜனம் உண்டு என்று நிரூபிக்கப் போகிறான். அதற்கு அகப்படும் பொருள் உருப்படாது.

என்னிடம் அகப்பட்டது என் மைத்துனன் பிரசன்னாவின் சைக்கிள்.

அப்போது எனக்கு வேலை போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கம்பெனியிலிருந்து ஒரு பெண் வீடியோ காலில் வந்து, என் உழைப்பை அவர்கள் மிகவும் மதிப்பதாகச் சொல்லி அனுப்பி வைத்தாள். (மதிக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்களோ!) விஷயம் தெரிந்தது எனக்கும் என் மனைவி சுதாவுக்கும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தி.நகரில் இருக்கும் மாமனாரிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கெஞ்சியிருந்தேன். "அவருக்கு ஒர்க் ஃப்ரம் ஹோம்ப்பா" என்று சுதா போனில் சொல்வாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போவாள்.

பிரசன்னா அடையாறில் இருக்கிறான். சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் மிரட்டியதில் சைக்கிள் வாங்கி, ஒரு குழுவில் சேர்ந்து, அந்த ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாகப் பாண்டிச்சேரி வரை மிதிக்கப் போகிறான். மாதக்கணக்காகப் பயிற்சி. போகிற வாரம் பார்த்து பின் பிரேக் ஒயர் நைந்துவிட்டது.

"கடையில ஒரு வாரம் ஆகும்ங்கறான் அத்தான்" என்றான்.

"எதுக்குக் கடை? இங்க கொண்டா. ஒரு மணி நேர வேலை."

"உங்களுக்குத் தெரியுமா?"

"வீடியோ பாத்திருக்கேன்."

சாதாரண சைக்கிளில் பிரேக் ஒயர் பாருக்கு வெளியே, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி ஓடும். இது விலை உயர்ந்த சைக்கிள். ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை வழியாக உள்ளே நுழையும் ஒயர், பாருக்குள்ளேயே இருட்டில் பயணம் செய்து, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை வழியாக வெளியே வரும். பழைய ஒயரை உருவுவதற்கு முன்னால் அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி வைக்க வேண்டும். புது ஒயருக்கு அதுதான் வழிகாட்டி. வீடியோவில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். விளம்பரத்தைத் தள்ளிவிட்ட வேகத்தில் நான் அதையும் தள்ளிவிட்டேன் போலிருக்கிறது.

அபிராமபுரத்தில் எங்கள் ஃப்ளாட் ஹாலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழைய ஒயரைத் தலையில் நரைமுடி பிடுங்குவதுபோல ஒரே இழுப்பாக உருவினேன். சுலபமாக வந்தது. வாழ்க்கையில் எனக்குச் சுலபமாக வந்தவையெல்லாம் இப்படித்தான்.

புது ஒயரை முன்னால் நுழைத்தேன். போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. வெளியே மட்டும் வரவில்லை. உள்ளே எங்கேயோ முட்டிச் சுருண்டுகொண்டது. சைக்கிளைக் குலுக்கினேன். சாய்த்தேன். ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தப் பிள்ளையாரை எடுத்து பாரின் மேல் தடவினேன். (அவர் மனது வைக்கவில்லை.) பிறகு வாக்குவம் கிளீனர் யோசனை வந்தது. முன் ஓட்டையில் தையல் நூலை விட்டு, பின் ஓட்டையில் மெஷினை வைத்து உறிஞ்சினால் நூல் வந்துவிடும். அப்புறம் நூலில் ஒயரைக் கட்டி இழுத்தால் முடிந்தது. நூல் வந்தது. மொத்தமாக வந்தது. மறுமுனையை எங்கேயும் கட்டி வைக்கவில்லை. மெஷின் அதை விழுங்கிவிட்டு இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று உறுமியது.

கடைசியில் இன்னொரு நூலை விட்டு, தரையில் மல்லாந்து படுத்து, பின் ஓட்டையில் வாயை வைத்து நானே உறிஞ்ச ஆரம்பித்தேன்.

அந்தக் கோலத்தில் இருக்கும்போதுதான், பாத்திரம் தேய்க்க வந்த செல்வி திறந்து போட்டிருந்த கதவு வழியாக மாமனார் உள்ளே வந்தார். கையில் ஒரு பை கொய்யாப்பழம்.

"மாப்ளே?"

"மீட்டிங்ல இருக்கேன் மாமா" என்றேன். பல்லிடுக்கில் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் லுங்கியைப் பார்த்தார். தலைகீழ் சைக்கிளைப் பார்த்தார். மூடிக் கிடந்த லேப்டாப்பைப் பார்த்தார். அதன்மேல் நான் திருகாணிகளைப் பரப்பி வைத்திருந்தேன்.

"யாரோட?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் சமையலறையிலிருந்து செல்வி ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். "இன்னா சார் மீட்டிங்கு? பெரியவரே, சாருக்கு வேல போயி எம்மா நாளாச்சு! உங்களுக்குத் தெரியாதா? அக்கா சொல்லல?" அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள். "ஐயய்யோ, நான் பாட்டுக்கு இன்னாத்தையோ ஒளறிக்கினு கீறேன்" என்று உள்ளே ஓடி, குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

தண்ணீர்ச் சத்தம் ஹால்வரை கேட்டது. மாமனார் சோபாவில் உட்கார்ந்தார்.

"எங்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்சீங்க?"

நான் பல்லிடுக்கிலிருந்து நூலை உருவினேன்.

"என் பொண்ணக் கூட்டிட்டுப் போயிருப்பேன்னா?"

அதைத்தான் நினைத்திருந்தேன். இல்லை என்று சொல்ல வாய் வராததால் அந்த வாயை மறுபடி ஓட்டையில் வைத்தேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினார். "எந்தப் பக்கம் ஆட்டணும்?" என்று கேட்டார். நான் ஒயரைத் தள்ள, அவர் சைக்கிளை ஆட்டினார். ஒருமுறை பின் ஓட்டையில் ஒயர் மினுங்கியது.

"வந்துடுச்சு மாப்ளே!"

"பிடிங்க மாமா, பிடிங்க!"

"போச்சு."

சாயங்காலம்வரை அது மறுபடி தலைகாட்டவில்லை. கிளம்பும்போது என் தோளைத் தட்டி, "நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றார். அவருடைய பஸ் ஆழ்வார்பேட்டையைத் தாண்டியிருக்காது, தாம்பரத்திலிருந்து சுதாவின் சித்தி போன் செய்தார். "கவலைப்படாதீங்க மாப்ளே, எல்லாம் நல்லதுக்குத்தான்." அதற்கப்புறம் போன் ஓயவில்லை.

ஆபீஸிலிருந்து சுதா வந்ததும் பூகம்பத்தை எதிர்பார்த்தேன். அவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் சைக்கிளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அப்பாடா" என்றாள். "இனிமே போன்ல பொய் சொல்ல வேணாம்." திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

பிரசன்னா மறுநாள் வந்து, ஓட்டையில் ஒயர் தொங்க சைக்கிளை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனான். கடைக்காரர் ஒரு வாரம்தான் சொன்னார். குழு பாண்டிச்சேரிக்குப் போனது. அவன் வீட்டில் இருந்தான். "பரவால்ல அத்தான், உங்க நெலமை தெரியாம நான்தான் குடுத்துட்டேன்" என்றான். தீர்க்க முடியாத வியாதிக்காரனிடம் பேசுகிற குரலில்.

அதன்பிறகு எந்தக் கல்யாணம், எந்தக் காதுகுத்து என்றாலும் பந்தி முடிந்ததும் மாமனார் எழுந்து நின்று கன்னத்தை உள்ளே இழுத்து, நான் உறிஞ்சியதை நடித்துக் காட்டுவார். முடிவு எப்போதும் ஒன்றுதான்: "நம்ம மாப்ளைக்கு வேலை போச்சு. ஒயர் மட்டும் போகல!" மண்டபமே அதிரும். சுதாவும் சிரிப்பாள். எனக்குப் பாதிச் சம்பளத்தில் வேறு வேலை கிடைத்த பிறகும் கதை நிற்கவில்லை.

போன மாதம் அந்த வேலையும் போய்விட்டது. இந்தமுறை நான் எதையும் ஒளிக்கவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் நானே ஒரு வரி எழுதிப் போட்டேன். ரொம்ப நேரம் யாரும் எதுவும் எழுதவில்லை. படித்துவிட்டார்கள் என்று மட்டும் தெரிந்தது. கடைசியில் மாமனார் எழுதினார்:

"சைக்கிளை மட்டும் தொடாதீங்க மாப்ளே."

உடனே சித்தியிலிருந்து பிரசன்னாவரை ஆளாளுக்குக் கண்ணில் நீர்வரச் சிரிக்கும் மஞ்சள் முகத்தைப் போட்டார்கள். பக்கத்து அறையிலிருந்து சுதாவும் ஒன்று போட்டாள். நானும் ஒன்று போட்டேன்.